முதலில் நிறுத்தப் பழகு

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கல்லூரி நாளிலிருந்து ஓட்டிய ஸ்கூட்டரை விற்றுவிட்டு 150 சிசி வண்டி வாங்கியிருக்கிறாய், எல்.எல்.ஆர். கையில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மைதானத்தில் பழகுகிறாய் என்று எழுதியிருந்தாய். காலை ஊன்றாமல் எட்டு போட வந்துவிட்டது என்று படித்ததும் மனம் நிறைந்தது. கடைசி வரியில், "மெயின் ரோட்டுக்கு எப்போ போகலாம், அக்கா?" என்று கேட்டிருந்தாய்.

இதற்கு நாள் கணக்கில் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நீ 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறாய். சாலையோரம் மேய்ந்துகொண்டிருந்த ஆட்டுக்குட்டி ஒன்று குறுக்கே பாய்கிறது. எவ்வளவு தூரத்தில் உன்னால் வண்டியை நிறுத்த முடியும்? பின்சக்கரம் இழுத்துக்கொண்டு போகாமல், ஹேண்டில்பார் ஆடாமல் நிறுத்த முடியுமா? மைதானத்தில் அதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்து, வண்டி எங்கே நிற்கும் என்பது உனக்கே தெரிந்த பிறகு ரோட்டுக்குப் போ.

நம் ஊரில் வண்டி பழகும் விதத்தை யோசித்துப் பார். அண்ணனோ அப்பாவோ பின்னால் உட்கார்ந்துகொண்டு, "கிளட்சை மெதுவா விடு, லேசா முறுக்கு, விடு, விடு" என்பார்கள். அணையாமல் வண்டி நகர்ந்துவிட்டால் பாடம் முடிந்தது. கிளப்பச் சொல்லிக்கொடுக்க ஒவ்வொரு வீட்டிலும் ஆள் உண்டு. நிறுத்தச் சொல்லிக்கொடுப்பவரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். ஆர்.டி.ஓ. தேர்வும் பெரிதாக உதவுவதில்லை. அவசரத்தில் வண்டியை நிறுத்திக் காட்டுவதையும் மத்திய மோட்டார் வாகன விதிகள் தேர்வில் சேர்த்திருக்கின்றன. நடைமுறையில், எட்டைச் சுற்றி முடித்து இறங்கினால் பெரும்பாலும் லைசன்ஸ் வந்துவிடுகிறது. எட்டு போடும்போது வண்டி நடை வேகத்தில்தான் போகிறது. அந்த வேகத்தில் பிரேக்கின் குணம் உனக்குத் தெரியவே வராது.

1970களின் பிற்பகுதியில் ஹாரி ஹர்ட் என்ற ஆய்வாளர், தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தம் குழுவோடு லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் மோட்டார் சைக்கிள் விபத்து நடந்த இடங்களுக்கு நேரிலேயே போய், 900 விபத்துகளை ஆராய்ந்தார். 1981இல் வெளியான அந்த அறிக்கை இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் பயிற்சி என்று எதுவும் பெறாதவர்கள். தாமாகப் பழகியவர்கள், அல்லது வீட்டாரிடமும் நண்பர்களிடமும் கற்றவர்கள். ஆபத்து தொடங்கியதிலிருந்து மோதல் வரை, ஓட்டுபவருக்குப் பெரும்பாலும் கிடைத்த நேரம் 2 விநாடிக்கும் குறைவு. அந்தச் சொற்ப நேரத்தில் பலர் பின் பிரேக்கை அழுத்தி மிதித்துச் சறுக்கினார்கள். முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை. வேறு நாடு, வேறு காலம், வேறு வகை வண்டிகள் என்று நீ சொல்லலாம். ஆனால் மிரண்டுபோன மனிதக் கை எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறது. 2 விநாடிக்குள் யோசிக்க முடியாது. பழகியதைத்தான் கை செய்யும். பழகாத கை ஒன்றும் செய்யாது, அல்லது தப்பானதைச் செய்யும்.

இப்போது முன் பிரேக்கைப் பற்றி. "முன் பிரேக்கைத் தொடாதே, குப்புற அடிச்சிடும்" என்று உன் சித்தப்பா சொன்னதாக எழுதியிருந்தாய். எனக்குத் தெரிந்த எல்லா வீடுகளிலும் இப்படிச் சொல்லும் ஒரு சித்தப்பா இருக்கிறார். அவர் அன்போடுதான் சொல்கிறார். அவர் காலத்து வண்டிகளில் முன்சக்கரத்தில் சிறிய டிரம் பிரேக். கேபிள் கட்டிப்போனால் ஒன்று பிடிக்காது, இல்லையென்றால் ஒரேயடியாகப் பிடிக்கும். அந்த பயம் குடும்பம் குடும்பமாகக் கைமாறி வந்திருக்கிறது. உன் வண்டியில் இருப்பது டிஸ்க் பிரேக். அது உயிர் காக்கும் பிரேக். அதைத் தொடாமல் ஓட்டுவது, நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கை வீட்டில் வைத்துவிட்டு வருவதற்குச் சமம்.

காரணம் எளிது. பிரேக் பிடித்ததும் வண்டியின் எடையும் உன் எடையும் முன்பக்கம் சாய்கின்றன. முன் ஃபோர்க் அமுங்குவது உன் கண்ணுக்கே தெரியும். அப்போது முன் டயர் தார் மேல் அழுந்துகிறது. எவ்வளவு அழுந்துகிறதோ அவ்வளவு பிடிமானம். பின் டயரோ லேசாகிவிடுகிறது. லேசான சக்கரத்தை எவ்வளவு மிதித்தாலும் அது பூட்டிக்கொண்டு சறுக்குமே தவிர வண்டியை நிறுத்தாது. சித்தப்பா பயந்த விபத்து நடப்பது, முன் பிரேக்கை வெடுக்கென்று பிடுங்கும்போது. எடை முன்னால் வந்து சேர்வதற்கு முன்பே சக்கரம் பூட்டிக்கொள்கிறது, டயர் வழுக்குகிறது. ஆகவே பிரேக்கைப் பிடிப்பதில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் லேசாகத் தொட்டு லீவரின் தொய்வை எடு. ஃபோர்க் அமுங்க ஒரு கணம் கொடு. பிறகு விடாமல் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போ. பசுவின் மடியில் பால் கறக்கும் கையைக் கவனித்திருப்பாய். விரல்கள் வெடுக்கென்று இழுப்பதில்லை, ஆனால் பிடி உறுதியாக இருக்கும். அந்தக் கை வேண்டும் உனக்கு.

மைதானத்தில் இப்படிச் செய். ஒரு செங்கல்லை ஓரமாக வை. அதுதான் பிரேக் பிடிக்கத் தொடங்கும் இடம். முதலில் இரண்டாவது கியரில் 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, செங்கல்லைத் தாண்டும்போது இரண்டு பிரேக்கையும் பிடித்து நிறுத்து. நின்ற இடத்தில் சுண்ணாம்பால் கோடு போடு. அது சீராக வந்த பிறகு 30, அதன் பிறகு 40. அவசரப்படாதே. முழங்கால்கள் இரண்டும் பெட்ரோல் டேங்கை இறுக்கிப் பிடித்திருக்கட்டும். இல்லாவிட்டால் பிரேக் பிடித்ததும் உடம்பு முழுவதும் கைகள் மேல் சரியும், கை விறைக்கும், லீவரை எவ்வளவு பிடிக்கிறோம் என்ற உணர்வே போய்விடும். கண் முன்சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, தூரத்து மரத்தைப் பார்க்கட்டும். கீழே பார்த்தால் வண்டியும் கீழே போகும்.

சக்கரம் பூட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே மனத்தில் பதித்துக்கொள். முன்சக்கரம் வழுக்கினால் அந்தக் கணமே லீவரை விடு, மறுபடி மெதுவாகப் பிடி. பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டியின் பின்பாகம் பக்கவாட்டில் போய்விட்டால், பதறி பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடாதே. கோணலாகச் சறுக்கும் சக்கரத்துக்குத் திடீரென்று பிடிமானம் கிடைத்தால் வண்டி மறுபக்கம் திமிறி உன்னைத் தூக்கி எறிந்துவிடும். பார்வையை நேரே வைத்து, பிரேக்கை அப்படியே மிதித்தபடி நிற்கவிடு.

சுண்ணாம்புக் கோடுகளைப் பார்க்கும்போது உனக்கே ஒரு விஷயம் தெரியவரும். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகிறது. காய்ந்த நல்ல தார்ச் சாலையில், இரண்டு பிரேக்கையும் சரியாகப் பிடித்தால், 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க ஏறக்குறைய 9 மீட்டர் ஆகும். 80இல் அதுவே 36 மீட்டர். இதோடு, ஆபத்தைக் கண்டு கை லீவருக்குப் போகும் ஒரு விநாடியைச் சேர்: 40இல் 11 மீட்டர், 80இல் 22 மீட்டர் நீ பிரேக்கே பிடிக்காமல் கடந்திருப்பாய். ஆக 80இல் போகிறவளுக்கு மொத்தம் 58 மீட்டர் வேண்டும். ஐந்து டவுன் பஸ்ஸை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம் அது. பின் பிரேக்கை மட்டும் நம்புகிறவளுக்கு இன்னும் எத்தனையோ கூடும். முன்னால் போகும் லாரிக்கும் உனக்கும் இடையே அவ்வளவு இடம் விட்டிருக்கிறாயா என்று கேட்டுக்கொள்.

உன் விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கவலை தருவது வேறொன்று. நீ ஸ்கூட்டரிலிருந்து வருகிறாய். ஸ்கூட்டரில் இடக்கை லீவர் பின் பிரேக். இத்தனை ஆண்டுகளாக ஏதாவது குறுக்கே வந்தபோதெல்லாம் உன் இடக்கைதான் முதலில் இறுகியிருக்கும். இந்த வண்டியில் அந்த இடத்தில் இருப்பது கிளட்ச். பதற்றத்தில் அதைப் பிடித்தால் வண்டி நிற்காது. எஞ்சினின் இழுப்பும் போய், பிரேக்கே இல்லாததுபோல் உருண்டு ஓடும். ஸ்கூட்டரிலிருந்து மாறி என்னிடம் பழக வந்தவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். "பிரேக் பிடிச்சேன், பிடிக்கவே இல்லை" என்பார்கள். அவர்கள் பிடித்தது கிளட்சை. புத்திக்கு இது தெரியும், கைக்குத் தெரியாது. கைக்குச் சொல்லிக்கொடுக்க ஒரே வழி, யாராவது எதிர்பாராத நேரத்தில் கையைத் தூக்க, நீ நிறுத்துவது. வலக்கையும் வலக்காலும் முதலில் வேலை செய்ய வேண்டும். சாதாரணமாக வேகம் குறைக்கும்போது கிளட்ச் கடைசியில், வண்டி நிற்கப்போகும் தறுவாயில். அவசர நிறுத்தத்தில் பிரேக்கோடு சேர்ந்தே கிளட்சும் வரலாம். ஆனால் பிரேக்குக்கு முன்னால் வரக் கூடாது. நிற்பதற்குள் கியரை ஒன்றுக்கு இறக்கியிருப்பதும் நல்லது. பின்னால் வரும் பஸ்ஸால் நிற்க முடியாமல் போனால், நீ விலகி ஓட வேண்டியிருக்கும். இந்தப் பயிற்சி முடியும்வரை அடுத்த வீட்டு ஸ்கூட்டரை இரவல் வாங்கி ஓட்டாதே. இரண்டு பழக்கமும் கையில் குழம்பிப்போகும்.

ஏ.பி.எஸ். இருக்கிறதே என்பாய். நம் நாட்டில் 125 சிசிக்கு மேற்பட்ட புது மாடல்களுக்கு 2018 ஏப்ரலிலிருந்தும், அந்த வகையில் விற்கும் எல்லா வண்டிகளுக்கும் 2019 ஏப்ரலிலிருந்தும் அது கட்டாயம். நல்ல சட்டம். ஆனால் உன் வகை வண்டிகள் பலவற்றில் அது முன்சக்கரத்துக்கு மட்டுமே. பின்சக்கரம் இப்போதும் பூட்டும். ஏ.பி.எஸ். செய்வது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது மட்டும்தான். உனக்குப் பதிலாக அது பிரேக் பிடிக்காது. வளைவில் சாய்ந்திருக்கும்போதும் அதை நம்பி அழுத்த முடியாது. அது வேலை செய்யும்போது லீவர் விரலுக்குள் துடிக்கும். அந்தத் துடிப்பில் பயந்து பிடியை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஒருமுறையாவது மைதானத்தில் மணல் தூவிய இடத்தில், குறைந்த வேகத்தில், வண்டி நேராக இருக்கும்போது, அந்தத் துடிப்பை உணர்ந்து பார்.

அடுத்தது மெதுவாக ஓட்டுவது. வேகமாகப் போக எஞ்சின் போதும். நடை வேகத்தில் வண்டியை நிமிர்த்தி வைத்திருக்க ஓட்டுபவர் வேண்டும். ஜப்பானில் மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் தேர்வில் 15 மீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட, தரையிலிருந்து சற்றே உயர்ந்த ஒரு பாலம் இருக்கிறது. அதன் மேல் விழாமல் போக வேண்டும்; சீக்கிரம் போனால் மதிப்பெண் குறையும். 400 சிசி வரையிலான வண்டிக்குக் குறைந்தது 7 விநாடி, பெரிய வண்டிக்கு 10 விநாடி எடுத்துக்கொள்ள வேண்டும். யோசித்துச் செய்த தேர்வு அது. நம் மைதானத்தில் பாலம் வேண்டாம், 30 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு கிழித்துக்கொள். ஹாஃப் கிளட்சில், ஆக்ஸிலேட்டரை ஒரே அளவில் லேசாகப் பிடித்து, பின் பிரேக்கை மெல்ல மிதித்தபடி போ. எஞ்சின் முன்னால் இழுக்கும், பிரேக் பின்னால் இழுக்கும். இந்த இரண்டு இழுப்புக்கும் நடுவில் வண்டி அசையாமல் நிமிர்ந்து நிற்கும். வேகத்தைக் கிளட்சால் கூட்டு, குறை. ஆக்ஸிலேட்டரை விட்டு விட்டு முறுக்கினால் வண்டி குலுங்கும், உன் கால் தரைக்குப் போகும்.

ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது, மெதுவான வேகத்தில், முன் பிரேக்கைத் தொடாதே. முன் பிரேக்குக்காக இவ்வளவு வாதாடிவிட்டு இதைச் சொல்கிறேன், கவனித்துக்கொள். யூ டர்ன் எடுக்கும்போதும் எட்டு போடும்போதும் விழுகிறவர்களில் பலர் விழுவது இதனால்தான். திரும்பிய சக்கரம் நின்ற கணத்தில் வண்டியின் எடை முழுவதும் உள்பக்கமாகச் சரிகிறது. 140 கிலோவைக் காலால் தாங்க முடியாது. அங்கே பின் பிரேக் மட்டும்.

விழுந்தால் தூக்கத் தெரிய வேண்டும். ஜப்பானில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளிகளில், கீழே கிடக்கும் வண்டியைத் தூக்கி நிறுத்துவது தொடக்கப் பாடம். பெண்களால் முடியாது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. முதலில் எஞ்சினை அணை. வண்டி வலப்பக்கமாக விழுந்திருந்தால், தூக்குவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டைத் தட்டி வெளியே எடுத்துவை. இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் வண்டி மறுபக்கம் விழும். கியரில் போட்டிருந்தால் உருளாது. பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டி, இடுப்பை சீட்டில் பதித்து, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் பின்னால் இருக்கும் கைப்பிடியையும் பற்றி, முதுகை வளைக்காமல், காலால் உந்திப் பின்னோக்கி அடிமேல் அடி வை. தூக்குவது தொடை பலத்தில்தான். நீயாகவே ஒருமுறை தூக்கி நிறுத்திவிட்டால் விழுவதைப் பற்றிய பயத்தில் பாதி போய்விடும்.

எட்டைப் பற்றி ஒன்று மட்டும். வண்டி கண் போகும் இடத்துக்குப் போகும். ஒரு வளையத்தில் பாதி வரும்போதே கழுத்தைத் திருப்பி அடுத்த வளையத்தைப் பார்த்துவிடு. கண்ணை மட்டும் ஓட்டாதே, முகவாய் தோளைத் தொடும் அளவுக்குத் தலை திரும்பட்டும். எட்டு போடத் தெரிந்தவர்கள் ரோட்டுக்கு வந்ததும் இதை மறந்துவிடுகிறார்கள். பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே போய்ப் பள்ளத்தில் இறங்குகிறார்கள். பள்ளத்தைக் கண்டுகொள், உடனே அதன் பக்கத்தில் இருக்கும் நல்ல வழியின் மேல் கண்ணை வை.

25 கிலோமீட்டருக்கு மேல் வேகம் போனதும் வண்டியின் குணம் மாறுகிறது. இடப்பக்கம் திரும்ப, இடக்கைப் பக்கத்து ஹேண்டிலை மெல்ல முன்னால் தள்ள வேண்டும். கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும். முன்சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் போக, வண்டி இடப்பக்கம் சாய்கிறது, சாய்ந்த பக்கம் திரும்புகிறது. சைக்கிளிலும் இதைத்தான் செய்கிறோம், தெரியாமலே. ஆகாய விமானம் செய்வதற்கு முன் சைக்கிள் கடை வைத்திருந்த வில்பர் ரைட், இடப்பக்கம் திரும்பும்போது முதலில் என்ன செய்கிறீர்கள் என்று சைக்கிள் ஓட்டுபவர்களைக் கேட்டாராம். ஹேண்டிலை முதலில் வலப்பக்கம் திருப்புவதாக ஒருவரும் சொல்லவில்லை. அமெரிக்கப் பயிற்சியாளர் கீத் கோடு, சாய்ந்து உடம்பை அசைத்தாலே வண்டி திரும்பிவிடும் என்று நம்புகிறவர்களுக்காகத் திரும்பாத இன்னொரு ஹேண்டில்பாரையும் பொருத்திய ஒரு வண்டியைச் செய்தார். அதைப் பிடித்துக்கொண்டு உடம்பை எவ்வளவு சாய்த்தாலும் வண்டி ஏறக்குறைய நேராகவே போகும். தெரியாமல் செய்வது சாதாரண நாளில் போதும். குறுக்கே ஒன்று வந்து விலக வேண்டிய கணத்தில் தெரிந்து செய்ய வேண்டும். ஹர்ட் ஆராய்ந்த ஓட்டுநர்களிடமும் இந்தத் திறன் இல்லாமலிருந்தது. மைதானத்தில் 30 கிலோமீட்டரில் நேராக வந்து, இடக்கையைத் தள்ளு, உடனே வலக்கையைத் தள்ளி நிமிர்த்து. விலகும்போது பிரேக் பிடிக்காதே. முதலில் பிரேக், பிறகு விலகல், அல்லது முதலில் விலகல், பிறகு பிரேக். டயருக்கு இருக்கும் பிடிமானம் இரண்டு வேலைக்கும் ஒரே நேரத்தில் போதாது.

கொல்லிமலைக்குப் போக ஆசை என்று எழுதியிருந்தாய். 70 கொண்டை ஊசி வளைவுகள். இப்போதே போக வேண்டாம். போகும் நாளில், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கி, வளைவின் முடிவைப் பார்த்தபடி ஆக்ஸிலேட்டரை ஒரே சீராக வைத்துத் திரும்பு. இறங்கும்போது முதல் அல்லது இரண்டாவது கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும். நியூட்ரலில் விட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறவர்கள் பிரேக்கைச் சூடாக்கி இழக்கிறார்கள். குறுகலான மலைப்பாதையில் ஏறிவரும் வண்டிக்கு இறங்குபவர்தான் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும்.

அதற்கு முன், உன் ஊர்ச் சாலை. நீ இருப்பது தஞ்சாவூர்ப் பக்கம். அறுவடைக் காலத்தில் ரோட்டில் உளுந்துச் செடியும் வைக்கோலும் காயப் போட்டிருப்பார்கள். அதன் மேல் போகும்போது பிரேக்கும் வேண்டாம், திருப்பமும் வேண்டாம்; முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து நேராகக் கடந்துவிடு. டிப்பர் லாரி போகும் பாதைகளில், திருப்பங்களில்தான் எம்‑சாண்ட் சிந்தியிருக்கும். கோடை மழையின் முதல் சில நிமிடங்களில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் கிளம்பி மிதக்கும். ஒரு டீக்கடையில் ஒதுங்கி நின்று, மழை சாலையை நன்றாகக் கழுவிய பிறகு போ. ஈரத்தில் வெள்ளைக் கோடும், பாதாளச் சாக்கடை மூடியும், ரயில்வே கேட்டின் தண்டவாளமும் வழுக்கும். தண்டவாளத்தைக் கூடியவரை செங்குத்தாகக் கட. பெட்ரோல் பங்கில் டீசல் சிந்திய தரையில் காலை ஊன்றும்போதுகூடக் கவனம் வேண்டும்.

எதிரே வரும் கார் உனக்குக் குறுக்கே திரும்புமா என்று டிரைவரின் முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதே. அவர் உன்னை நேராகப் பார்த்துக்கொண்டே பார்க்காமல் திரும்புவார். ஹர்ட் அறிக்கையில் மிக அதிகமாக வந்த விபத்து வகை இதுதான்: கார்க்காரர் மோட்டார் சைக்கிளைக் கவனிக்காமல் குறுக்கே திரும்பியது. 2017 ஏப்ரலிலிருந்து நம் நாட்டுப் புது வண்டிகளில் முகப்பு விளக்கு பகலிலும் எரிந்துகொண்டே இருப்பது இதற்காகத்தான்; "லைட் எரியுது" என்று எதிரே வருகிறவர்கள் கைசாடை காட்டினால் பொருட்படுத்தாதே. காரின் முன்சக்கரத்தைப் பார். டிரைவருக்கு முன்பே அது உனக்குச் சொல்லிவிடும். மீடியனில் இடைவெளி வரும் இடங்களிலும், பயணிகளை இறக்க நின்ற ஷேர் ஆட்டோவையும் டவுன் பஸ்ஸையும் தாண்டும்போதும், இரண்டு விரல் முன் பிரேக் லீவர் மேல் தயாராக இருக்கட்டும். கை தயாராக இருந்தால், நான் மேலே கணக்கிட்ட ஒரு விநாடியில் பாதி மிச்சமாகும். 40இல் அது ஐந்தரை மீட்டர்.

ஹெல்மெட்டைப் பற்றி உனக்கு நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. ஐ.எஸ். 4151 என்ற ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார். 2021 ஜூனிலிருந்து அது இல்லாத ஹெல்மெட்டை விற்பதே குற்றம். நாடாவை மாட்டு. மாட்டாத ஹெல்மெட் உனக்கு முன்னால் தரையில் உருளும். துப்பட்டாவை அணிந்தால் உடம்போடு இறுக்கி முடிந்துகொள். சேலை கார்டு சட்டப்படி இருக்க வேண்டியது. ஸ்டைலுக்காகக் கழற்றச் சொல்லும் தம்பிகளின் பேச்சைக் கேட்காதே. செருப்புப் போட்டுக்கொண்டு கியர் வண்டி ஓட்டாதே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணனை மைதானத்துக்குக் கூட்டிப் போ. எல்.எல்.ஆர். காலத்தில் பின்னால் உட்காருபவர் லைசன்ஸ் உள்ளவராகவும் கற்றுக்கொடுப்பவராகவும் இருக்க வேண்டும், அவர் இரண்டும்தான். பின் டயரில் காற்றை, இருவர் போவதற்கென்று வண்டியில் ஒட்டியிருக்கும் அளவுக்கு ஏற்றிக்கொள். அவர் கைகளை உன் தோளில் வைக்க வேண்டாம், பின்னால் இருக்கும் பிடியைப் பிடித்துக்கொள்ளட்டும். அதே செங்கல், 20, 30, 40. இப்போது பின்சக்கரத்தில் எடை கூடியிருப்பதால் பின் பிரேக் முன்பைவிட நன்றாக வேலை செய்வதைக் காண்பாய். அதே நேரத்தில், அவர் முன்னால் சரிந்து உன் முதுகில் மோதுவார், முழங்கால் பிடி தளர்ந்தால் நீ டேங்க் மேல் ஏறிவிடுவாய். தனியாக நின்ற கோட்டையும் அவரோடு நின்ற கோட்டையும் டேப் வைத்து அளந்து, இரண்டையும் எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா